பழைய பெட்ரோல் மூக்கு லாரிக்கு இன்ஜெக்‌ஷன் கிட்: ஹோலி ஸ்னைப்பர் 2300, செட்டிநாட்டு வெயிலில் எடுபடுமா?

கார்பரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் ஹோலி நிறுவனத்துக் கிட் இது. நல்ல கிட். ஆனால் பெட்டிக்குள் வருவது பாதி வேலைதான். மீதிப் பாதி வண்டியின் டேங்கிலும் பாட்டரியிலும் எர்த்திலும் கிடக்கிறது. அந்த மூன்றையும் தொடாமல் கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் கிட்டின் த்ராட்டில் பாடியை மட்டும் உட்கார வைத்தவர்கள்தான் "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராதுங்க" என்று கழற்றிப் பரணில் போடுகிறார்கள்.

எந்த வண்டிக்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டுச் செட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்ரோல் மூக்கு வண்டிகள், அதாவது எஞ்சின் முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் லாரிகள், இன்னும் நிற்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பூட்டிய ஷெவர்லே, குர்லாவில் பிரீமியர் பூட்டிய டாட்ஜ், ஃபார்கோ. 1954-இல் டாடா-மெர்சிடிஸ் டீசல் வந்த பிறகு சுமை ஏற்றும் வேலை இவற்றை விட்டுப் போய்விட்டது. பலவற்றில் டீசல் எஞ்சினும் ஏறிவிட்டது. அசல் பெட்ரோல் எஞ்சினோடு மிச்சமிருப்பவை பற்றித்தான் இங்கே பேச்சு. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது ஷெவர்லேயின் 235 கன அங்குல, அதாவது 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்; அதன் மேல் ஒற்றைத் தொண்டை (காற்று இறங்கும் வழி ஒன்றே உள்ள) ரோசெஸ்டர் கார்பரேட்டர். 216 எஞ்சினுக்கும், டாட்ஜ்-ஃபார்கோவின் பிளாட்ஹெட் ஆறுக்கும் சிற்சில மாற்றங்களோடு இதே கதைதான்.

ஏன் மாற்ற வேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது வெயில். சித்திரை, வைகாசியில் ஓட்டிவந்து பத்து நிமிஷம் நிறுத்தி மறுபடி செல்ஃபை மிதித்தால் வண்டி எடுக்காது. மேனிஃபோல்டு சூடு மேலேறி ஃப்ளோட் பாத்திரத்துப் பெட்ரோல் கொதித்து, பாதி ஆவியாகவும் பாதி மேனிஃபோல்டுக்குள் வழிந்தும் போயிருக்கும். ஈரத்துணி சுற்றுவது, துணி கிளிப் மாட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்கான சமாதானம். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் 58 பிஎஸ்ஐ, அதாவது 4 பார் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் அது சுலபத்தில் கொதிக்காது. மிஞ்சியது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிப் போவதால் சூடான பெட்ரோல் ஒரே இடத்தில் தேங்குவதும் இல்லை.

இரண்டாவது ஈ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-இல் தொடங்கி இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரியென்றால் ஈ20-க்குச் சுமார் 13.5 போதும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான அந்தக் காலத்து ஜெட்டு பழைய கணக்கில்தான் பெட்ரோலை விடும். ஆக எஞ்சின் எட்டு சதவீதம்போல லீனாக, அதாவது பெட்ரோல் பற்றாமல், ஓடும். ஜெட்டைப் பெரிதாக்கிச் சரிக்கட்டலாம்தான். ஆனால் அடுத்த பெட்ரோல் பங்க்கில் என்ன கலவை ஊற்றுகிறார்களோ, அது ஜெட்டுக்குத் தெரியாது. சைலன்சர் பைப்பில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து எரிந்த புகையைப் பார்த்துச் சொல்லும்போது இந்தக் கவலை இல்லை.

எந்த மாடல்

ஹோலியின் ஸ்னைப்பர் வரிசையில் அதிகம் பேசப்படுவது நாலு தொண்டை 4150. அது 800 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) காற்று விடுவது, வி8-க்கானது. 235 எஞ்சின் 3600 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டரில்கூட 190 சிஎஃப்எம் தாண்டாது. ஆகவே இரண்டு தொண்டை 2300 போதும். அதுவே இந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் தாராளம்தான். 350 குதிரைத்திறன் வரைக்கும் என்று அளவெடுத்த இன்ஜெக்டர்களை நூறு சொச்சம் குதிரைத்திறன் எஞ்சினில் வைத்தால், ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மிகச் சுருங்கிவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது. ஸ்லோவில் காற்று-பெட்ரோல் எண் மேலும் கீழும் மெல்ல அலைவதற்கு இதுதான் காரணம். பழுது என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். இந்தக் கிட்டில் குறை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் வருவது இதுதான்.

த்ராட்டில் பாடிக்குள்ளேயே கம்ப்யூட்டர், ப்ரஷர் ரெகுலேட்டர், மேனிஃபோல்டு வேக்குவத்தைப் பார்க்கும் மேப் சென்சார், த்ராட்டில் பொசிஷன் சென்சார், ஸ்லோவைப் பார்த்துக்கொள்ளும் ஐஏசி மோட்டார் எல்லாம் அடக்கம். தனியாக ஒயரிங்கில் வருவது தண்ணீர்ச் சூட்டு சென்சாரும் ஆக்சிஜன் சென்சாரும். மூன்றரை அங்குலத் தொடுதிரை ஒன்று கூடவே வருகிறது, லேப்டாப் தேவையில்லை. எல்லாம் ஒரே டப்பாவில் இருப்பது மாட்டுவதற்கு வசதி. ஆனால் கம்ப்யூட்டரும் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே, சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அடாப்டர் தட்டு

இரண்டு தொண்டையை ஒற்றைத் துளை மேனிஃபோல்டில் உட்கார வைக்க ஒரு தட்டு வேண்டும். காரைக்குடி லேத் பட்டறைகளில் 25 மி.மீ. அலுமினியப் பிளேட்டில் செய்துவிடுவார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியது மூன்று விஷயம். மேலே இரண்டு துளையும் கீழே ஒரு துளையுமாகப் படி வைத்து வெட்டக் கூடாது. புனல்போலச் சரிவாக இறங்க வேண்டும். படி இருந்தால் தெளித்த பெட்ரோல் அதில் முட்டித் தேங்கி, வளைவில் திரும்பும்போது மொத்தமாக உள்ளே கொட்டும். வண்டி திக்கித் திக்கி ஓடும். அடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது த்ராட்டில் தகடு தட்டின் உள்விளிம்பில் இடிக்கக் கூடாது. பூட்டுவதற்கு முன் கையால் திறந்து பாருங்கள். இடித்து நின்றுவிட்டால் ஆக்ஸிலேட்டர் மூடாமல் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, த்ராட்டில் ஷாஃப்ட் எஞ்சினின் நீளவாக்கிலேயே இருக்கட்டும். குறுக்காக வைத்தால் பாதி திறந்த தகடு கலவையை முன் மூன்று சிலிண்டருக்கோ பின் மூன்றுக்கோ ஒருபக்கமாகத் தள்ளும். சென்சார் பார்ப்பதோ ஆறு சிலிண்டரின் சராசரி. திரையில் எண் அழகாக இருக்கும். ஆறாவது பிளக்கைக் கழற்றினால் கரி.

இப்படி நீளவாக்கில் வைத்தால் பழைய ஆக்ஸிலேட்டர் ராடு சேராது. கேபிளுக்கு மாறிவிடுவதே மேல். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டாகவே போடுங்கள்.

தட்டுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே 12 மி.மீ. பேக்கலைட் ஸ்பேசர் கட்டாயம். அதைவிட முக்கியம் மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வு. பனிப் பிரதேசத்தில் பெட்ரோல் ஆவியாக வேண்டும் என்பதற்காக சைலன்சர் சூட்டை மேனிஃபோல்டின் வயிற்றுக்குத் திருப்பிவிடும் கதவு அது. எழுபது வருஷத் துருவில் பெரும்பாலும் சூடேற்றும் பக்கமே மாட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடானதும் எடைக் கட்டை தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் மண்ணெண்ணெய் ஊறவைத்துத் தட்டி விடுவித்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு ஸ்பேசரை மட்டும் தடிமனாக்கிப் பிரயோஜனமில்லை. ஒரேயடியாக வெல்டிங் வைத்து அடைப்பதும் வேண்டாம். மார்கழி விடியற்காலையில் முதல் ஐந்து நிமிஷம் அந்தச் சூடு கொஞ்சம் உதவும்.

கேஸ்கெட்டில் கை நிறைய சிலிக்கான் பேஸ்ட் பூசும் பழக்கத்தை இந்த வேலையில் மூட்டை கட்டி வைக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் விடும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். சென்சாருக்குப் பாதகமில்லை என்று டியூபில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், அதையும் மெல்லிசாக.

கரண்ட்

ஷெவர்லே 1955-இன் முற்பகுதி வரை 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். டாட்ஜ், ஃபார்கோ 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். கிட்டுக்கு வேண்டியது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். இதில் பேரமே கிடையாது. எர்த்தைத் திருப்பும்போது காயில் முனைகளையும் அம்மீட்டர் இணைப்பையும் திருப்ப வேண்டும். பல்பு எல்லாம் மாற்ற வேண்டும். பெட்ரோல் முள்ளுக்கு வோல்டேஜ் குறைப்பான் வேண்டும். 6 வோல்ட் செல்ஃப் மோட்டாரை 12-இல் சுற்றலாம், தாங்கும். விடாமல் மிதித்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவே. பழைய தடித்த பாட்டரி கேபிள்களைத் தூக்கிப் போட வேண்டாம். 6 வோல்ட்டுக்காக அப்படித் தடிமனாகப் போட்டார்கள். 12-க்கு அது அருமையான கேபிள்.

டைனமோவைக் கழற்றிவிடுங்கள். ஸ்லோவில் அது எதையும் சார்ஜ் செய்யாது. பம்பு, கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், சென்சார் ஹீட்டர், காயில், ஹெட்லைட் எல்லாம் கூட்டினால் 25, 30 ஆம்பியர் வந்துவிடும். பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஊர்ந்தால் டைனமோ வண்டியின் பாட்டரி படுத்துவிடும். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தாராளம். லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமும் கிடைக்கும். பழைய ஆறு சிலிண்டரின் ஃபேன் பெல்ட் அகலமானது. ஆல்டர்னேட்டரோடு வரும் புல்லி அதற்குச் சேராது. புல்லியை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

ஒயர்களில் உயிரான விஷயங்கள் இவைதான். தடித்த சிவப்பும் கறுப்பும் நேராகப் பாட்டரி முனைகளுக்கே போக வேண்டும். கறுப்பைச் சேஸில் போல்ட் போட்டு முடிப்பது நம் ஊர் வழக்கம்; இங்கே கூடாது. இளஞ்சிவப்பு ஒயர் இக்னிஷன் போட்டதும் கரண்ட் வரும் இடத்தில், செல்ஃப் சுற்றும்போதும் அறுபடாத இடத்தில் சேர வேண்டும். பின்னாளைய வண்டிகளில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது சில முனைகள் செத்துவிடும். சுற்றும் வரை எடுக்காது, சாவியை விட்டதும் ஒரு உதறு உதறும். காலால் மிதிக்கும் செல்ஃப் உள்ள இந்த லாரிகளில் அந்தத் தொல்லை இல்லை. இக்னிஷன் சுவிட்சுக்கும் செல்ஃபுக்கும் சம்பந்தமே இல்லாதது இங்கே வசதியாகப் போகிறது. ஆனால் காயிலுக்குப் போகும் ரெசிஸ்டருக்குப் பின்னால் இந்த ஒயரைச் சேர்க்காதீர்கள், வோல்டேஜ் போதாது.

மஞ்சள் ஒயர் காயிலின் நெகட்டிவ் முனைக்கு. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது இதிலிருந்துதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட் செட்டை வைத்துக்கொண்டே ஓட்டலாம் என்பார்கள். ஓடும். ஆனால் பாயிண்ட் துள்ளும்போதும் தீயும்போதும் ஆர்பிஎம் எண் 600-இலிருந்து 2000-க்குத் தாவும், பூஜ்யத்துக்கும் விழும். பூஜ்யமானால் கம்ப்யூட்டர் எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்து பம்பை நிறுத்தும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டுவிடுங்கள். கூடவே பிளக் ஒயர். செம்புக் கம்பி உள்ள பழைய ஒயர் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ரேடியோ நிலையம்போல அலை கிளப்பும். கம்ப்யூட்டரோ அரை அடி தள்ளி இருக்கிறது. கார்பன் ஒயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போடாத வண்டியில் திரை அணைந்து அணைந்து எரிவது, ஓட்டத்தில் திடீரென்று ஆஃப் ஆவது எல்லாம் வரும். 'கம்ப்யூட்டர் போச்சு' என்று திருப்பி அனுப்பப்படுகிற கிட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒயர்தான். கிட்டின் ஒயரிங்கைக் காயில், பிளக் ஒயர் பக்கமே போகவிடாமல் ஃபயர்வால் ஓரமாகச் சுற்றி எடுங்கள். எஞ்சினிலிருந்து சேஸுக்கும், சேஸிலிருந்து கேபினுக்கும் பின்னல் எர்த் பட்டை ஒவ்வொன்று போடுங்கள். ரப்பர் மவுண்டும் பெயிண்டும் இருக்கும் இடத்தில் எர்த்தை நம்ப முடியாது.

டேங்கும் பைப்பும்

அந்தக் கால ஷெவர்லே பிக்கப்புகளில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். இது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். வெளியில் மாட்டும் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்ச வராது. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, டேங்கை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே டேங்க் உயரத்தில் இருப்பதால் பம்பைச் சேஸின் பக்கவாட்டில் மாட்டினாலே பெட்ரோல் தானாக இறங்கிவிடும்.

இன்னொரு விதத்தில் இது பயப்பட வேண்டிய இடம். 4 பார் அழுத்தத்தில் ஓடும் லைனும் ரிட்டர்னும் உட்காரும் இடத்துக்கு அருகே வருகின்றன. அழுத்த லைனில் ஒரு இணைப்புக்கூடக் கேபினுக்குள் வரக் கூடாது. ரிட்டர்னுக்கு டேங்கில் புதுத் துளை வேண்டும். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. டேங்கை இறக்கி, பெட்ரோல் முள் யூனிட்டின் துளை வழியாகக் கையை விட்டு, இருபுறமும் வாஷர் வைத்து நட்டு போட்டு இறுக்கும் பல்க்ஹெட் ஃபிட்டிங் போடுங்கள். இறக்கியதோடு துருவையும் கழுவிவிடுங்கள். முள் யூனிட்டின் கார்க் கேஸ்கெட்டை ஈ20 தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் ஒன்று வாடை கேபினை நிறைக்கும், அல்லது டேங்க் உறிஞ்சி ஒட்டும்.

ரிட்டர்ன் வேண்டாம், ரெகுலேட்டரை டேங்க் பக்கம் வைத்துவிடலாம் என்று ஒரு வழியும் உண்டு. லைன் ஒன்று மிச்சம். இந்த ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எஞ்சின் பக்கம் நிற்கும் பெட்ரோல் சுழலாமல் சூடேறும். எதற்காக மாற்றினோமோ அதுவே திரும்பி வரும். ரிட்டர்னை டேங்குக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பம்பின் வாயில் 'டி' போட்டுச் சேர்த்தால் ஒரே பெட்ரோல் சுற்றிச் சுற்றிக் கொதிக்கும்.

பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்டர். மாற்றிப் போட்டால் 10 மைக்ரான் ஃபில்டர் பம்பின் கழுத்தை நெரிக்கும். பம்பு அலறிக்கொண்டே சாகும். பெட்ரோல் தேவையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த எஞ்சின் முழு மிதியில் மணிக்கு 33 லிட்டர் குடித்தால் அதிகம். கிட்டோடு வாங்கச் சொல்லும் பம்புகள் வி8-க்கு அளவெடுத்தவை. குடிப்பதைவிடப் பல மடங்கு சுற்றவிட்டு டேங்கையே சூடாக்கும். அழுத்தம் 4 பார் தாங்குமானால் சின்ன பம்பே இதற்குப் பொருத்தம். கால் டேங்குக்குக் கீழே ஓட்டாதீர்கள். டேங்குக்குள் தடுப்பு இல்லாததால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்பு காற்றைக் குடிக்கும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் உயிருக்கு ஆபத்து. கார்பரேட்டர் ஹோஸ் குறைந்த அழுத்தத்துக்காக மட்டுமே செய்தது. அழுத்தப் பக்கம் 30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் ஹோஸ், அல்லது உள்ளே டெஃப்லான் உள்ள பின்னல் ஹோஸ். பல் பல்லாக வெட்டிய சாதாரண கிளிப் வேண்டாம். ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளிப் போடுங்கள். டேங்க் கேபினுக்குள் இருப்பதால் மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் சேருங்கள்.

சென்சார், தண்ணீர்ச் சூடு

ஆக்சிஜன் சென்சார் மரை 18 மி.மீ. மேனிஃபோல்டு வாய்க்குக் கீழே ஒன்றரை அடி, இரண்டடிக்குள் பைப்பில் துளையிட்டு வெல்டிங். சென்சாரின் வால் படுகிடையாக இருக்கக் கூடாது. குறைந்தது பத்து டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். கீழ்நோக்கினால் பைப்பில் படியும் தண்ணீர் சூடான சென்சாரில் விழுந்து விரிசல் விடும். வெல்டிங்கின்போது சென்சார் பெட்டிக்குள் இருக்கட்டும், பாட்டரி கேபிள் கழன்றிருக்கட்டும். அதற்கு முன்னால் வரும் எந்தச் சைலன்சர் லீக்கும் பொய் சொல்ல வைக்கும். லீக்கில் நுழையும் காற்றைப் பார்த்து 'லீன்' என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். கறுப்புப் புகை வரும்போது திரையில் லீன் என்று காட்டினால் முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்கள். ஒரு பிளக் மிஸ் ஆனாலும் இதே அடையாளம்தான். எரியாத காற்று அப்படியே வெளியே வருகிறது அல்லவா.

இப்போது நம் ஊர் மெக்கானிக்குகளோடு சண்டை வரும் இடம்: தெர்மோஸ்டாட். 'வெயில் ஊருக்கு எதுக்குங்க' என்று அதைப் பிடுங்கிப் போடாத பழைய வண்டி அபூர்வம். இந்தக் கிட் தானாகக் கற்றுக்கொண்டு அளவைத் திருத்தத் தொடங்குவது தண்ணீர் 71 டிகிரி தாண்டிய பிறகுதான். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் திருமயம் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது அறுபது டிகிரியிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், கற்றுக்கொள்வதும் நடக்காது. 'மைலேஜ் முன்னைவிட மோசம்' என்ற புகாரோடு வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். போட்டால் சூடேறுகிறது என்றால் குற்றம் தெர்மோஸ்டாட்டில் இல்லை, ரேடியேட்டரில். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீரின் உப்பு டியூப்களை அடைத்திருக்கும். ராடு விட்டுச் சுத்தம் செய்து கூலண்ட் ஊற்றுங்கள். சூட்டு சென்சாரின் மரை 3/8 அங்குலக் கூம்பு மரை. ஹெட்டில் அந்த அளவு துளை இல்லையென்றால் லேத்தில் ஒரு பித்தளைக் குப்பி கடைந்துகொள்ளலாம். முனை தண்ணீருக்குள் நீட்டியிருக்க வேண்டும். குப்பிக்குள்ளேயே பதுங்கினால் தவறாகக் காட்டும்.

முதல் ஸ்டார்ட்

திரை கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள்: 235 கன அங்குலம், 6 சிலிண்டர், சாதா கேம். டைமிங்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்காதீர்கள், டிஸ்ட்ரிபியூட்டரே பார்த்துக்கொள்ளட்டும். ஸ்லோ 650 வையுங்கள். அசலில் 500 பக்கம் ஓடிய எஞ்சின்தான். அந்தத் தாளத்தை ரசிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தம் தரும். காற்று-பெட்ரோல் இலக்கு எண்ணாக ஸ்லோவுக்கு 13.6, ஓட்டத்துக்கு 14.2, முழு மிதிக்கு 12.7 போதும். ஈ20 ஊற்றுகிறோமே என்று இவற்றைக் குறைக்க வேண்டாம். சென்சார் அளப்பது எரிப்பின் நிறைவை. திரை அதைப் பெட்ரோல் கணக்கில் மாற்றிக் காட்டுகிறது. எந்தக் கலவைக்கும் 14.7 என்றால் சரிசமம் என்றே பொருள்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரலில் ஐஏசி எண் 2 முதல் 10 சதவீதத்துக்குள் நிற்கும்படி த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பூஜ்யத்தில் நின்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. இந்த லாரிகளில் முதல் சந்தேகம் வேக்குவம் வைப்பர் மோட்டார். அடுத்தது, பெரிய வண்டியானால், பிரேக் பூஸ்டரின் டயாஃப்ரம். பிரேக் மிதித்தால் ஸ்லோ தள்ளாடுகிறதென்றால் அதுவேதான். ஸ்க்ரூவைத் தொட்ட பிறகு சாவியை அணைத்துப் போட மறக்காதீர்கள். அப்போதுதான் த்ராட்டில் சென்சார் பூஜ்யத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ளும்.

ஓட்டுகிறவருக்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். ஸ்டார்ட்டுக்கு முன் ஆக்ஸிலேட்டரை மூன்று தரம் மிதிப்பது கார்பரேட்டரின் பம்புக்காக. இங்கே சாவியைப் போட்டு, பம்பின் ரீங்காரம் நின்றதும், காலை எடுத்துவிட்டு செல்ஃப். பிளக் நனைந்துவிட்டால் மட்டும் முழுக்க மிதித்தபடி சுற்றுங்கள். அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும். சூட்டில் எடுக்கக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தால் கிராங்க் ஃப்யூல் (செல்ஃப் சுற்றும்போது விடும் பெட்ரோல்) அளவில் சூடான பக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆரம்ப அளவுகள் நம்மைவிடக் குளிர்ந்த ஊர்களையும் மனதில் வைத்துப் போட்டவை.

ஆயில் பாத் ஏர் கிளீனரைக் கழற்றிப் பேப்பர் ஃபில்டர் போடுவது நல்லது. அதிலிருந்து இழுபடும் எண்ணெய்ப் பிசுக்கு ஐஏசி வழியை அடைக்கும். செம்மண் சாலையில் போகும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டும், அது எந்த ஃபில்டரானாலும்.

யாருக்கு வேண்டாம்

எஞ்சின் தேய்ந்திருந்தால் முதலில் எஞ்சின். கம்ப்ரஷன் சிலிண்டருக்குச் சிலிண்டர் இருபது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஸ்லோவில் வேக்குவம் முள் ஆடினாலோ இந்தக் கிட் எதையும் சரிசெய்யாது. மேப் சென்சார் வேக்குவத்தை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. ஆயில் குடிக்கும் எஞ்சின் ஆக்சிஜன் சென்சாரையும் தின்றுவிடும்.

கல்யாணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு, ஈ20 தாங்கும் ஊசி வால்வு, கேஸ்கெட், டயாஃப்ரம் போட்டு, ஜெட்டை ஒரு சுற்றுப் பெரிதாக்கி கார்பரேட்டரையே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பாரம்பரிய விடுதிகளில் விருந்தாளிகளை ஏற்றித் தினம் சுற்றும் வண்டிக்கு இந்தச் செலவு தகும்.

வின்டேஜ் பதிவு எண்ணமிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு 'விஏ' எண் தர 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் செய்தார்கள். வண்டி அசல் வடிவில், எஞ்சினிலும் சேஸிலும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பதிவில் வாடகைக்கும் ஓட்ட முடியாது. விண்ணப்பித்த பிறகு மாட்டுவதா, மாட்டிய பிறகு விண்ணப்பிப்பதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். எப்படியானாலும் மேனிஃபோல்டை வெட்டாதீர்கள், அடாப்டர் தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய ரோசெஸ்டர், ராடு, ஏர் கிளீனர், டைனமோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருதரம் போய்விட்டால் அவை வேறு யார் வீட்டு வரவேற்பறையிலோ அழகுப் பொருளாகிவிடும்.

செலவு: கிட் விலையோடு சுங்கம், ஜிஎஸ்டி, கப்பல் கூலி சேரும். அதற்கு மேல் பம்பு, ஹோஸ், ஆல்டர்னேட்டர், மாட்யூல், லேத், வெல்டிங், எலக்ட்ரீஷியன் கூலி. ஒரே பட்டறையில் எல்லாம் நடக்காது, மூன்று பேரிடம் வண்டி நிற்க வேண்டிவரும். 'ஒரே நாளில் மாட்டலாம்' என்று வரும் வீடியோக்கள் 12 வோல்ட்டும் ரிட்டர்னும் ஏற்கெனவே இருக்கும் வண்டிகளைக் காட்டுகின்றன. இங்கே ஒரு வாரம் ஒதுக்குங்கள். கையிருப்பில் ஒரு பம்பு, இரண்டு ஃபில்டர், ஃபியூஸ், ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கட்டும். சென்சார் பாஷ் எல்எஸ்யு 4.9 வகை, இந்தியாவிலேயே கிடைக்கிறது. த்ராட்டில் பாடி கெட்டால்தான் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். டேங்க் சுத்தம் செய்த வண்டியில் முதல் 10 மைக்ரான் ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். இரண்டு டேங்க் ஓட்டியதும் மாற்றிவிட்டு, கழற்றியதை வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்புத் தூள் இருந்தால் டேங்கை மறுபடி இறக்க வேண்டியதுதான்.